ஒரு நியமன உறுப்பினர் செய்த வேலை



சட்டமன்ற உறுப்பினரின் வேலை என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாதவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று மூன்று தொகுதிக்காரர்களும் சோழவரத்தில் நடக்கும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். இப்போது பதவியில் இருப்பவர்களைப் பற்றியோ, அண்மையில் இருந்தவர்களைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அவர்களை எடைபோடும் வேலை உங்களுடையது. அதற்கு உதவக்கூடிய ஒரு பழைய உறுப்பினரின் வாழ்க்கையைச் சொல்ல வந்திருக்கிறேன். கோட்டையில் அந்த உறுப்பினர் இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான். அவர் செய்த வேலையின் தடம் இந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறது.

மூன்று பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். மூன்றும் உங்களுக்குப் பழக்கமானவை.

இங்கிருக்கும் இளம் தாய்மார்கள் கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருப்பீர்கள். அதன் பிறகு பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி வரும். அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்று பெயர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா?’ என்றுதான் கேட்பார்கள்.

அரசுப் பள்ளியில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. புதுமைப் பெண் என்று சொல்கிறோம். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார்.

மூன்றாவது பெயர் நம் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்துக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கும், இங்கிருந்து புழலுக்கும் தண்ணீர் போகிறது. சென்னையில் குழாயைத் திறப்பவருக்கு நம் ஏரியின் பெயர் ஒருவேளை தெரியாமல் இருக்கலாம். பூண்டியின் பெயர் தெரியும்.

மகப்பேறு, படிப்பு, தண்ணீர் என்று மூன்று தனித்தனி விஷயங்களுக்கு வைத்த மூன்று தனித்தனிப் பெயர்களாக இவை நமக்குத் தெரிகின்றன. ஆனால் இவர்கள் மூவரும் ஒரே காலத்தில், ஒரே விவாதத்தில் எதிரெதிராகவும் அருகருகாகவும் நின்றவர்கள். அந்த விவாதத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் முத்துலட்சுமி. மன்றத்தில் எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சத்தியமூர்த்தி. மன்றத்துக்கு வெளியே ஊர் ஊராகப் போய் அதே சீர்திருத்தத்துக்காகப் பேசியவர் இராமாமிர்தம் அம்மையார். கோயில்களுக்குச் சிறு பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த விவாதம்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், அப்படிக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட தேவதாசிகளின் மரபில் வந்தவர். பையன்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பிறகு மருத்துவத் தொழில், திருமணம், குழந்தைகள், மேல்படிப்புக்காக இங்கிலாந்துப் பயணம். 1926 வரை அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல மருத்துவரின் வாழ்க்கை.

அந்த ஆண்டில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க 1921இல் முதலில் முடிவெடுத்த மாகாணம் சென்னைதான். ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு என்ற காலம் அது. கணவன் பெயரில் வீடும், தகப்பன் பெயரில் நிலமும் இருந்த நாட்டில் எத்தனை பெண்களுக்கு அந்த உரிமை கைக்கு எட்டியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உறுப்பினராக வருவதற்கான தடை 1926இல்தான் நீங்கியது. அந்தத் தேர்தலில் மங்களூர்ப் பக்கம் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆகவே தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் வரவில்லை. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது. அரசு அவரை நியமித்தது. மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று தயங்கித்தான் அவர் ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் அவர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதற்கு முன்பே மேரி புன்னன் லூக்கோஸ் என்பவர் நியமன உறுப்பினராகியிருந்தார், அவரும் மருத்துவர்தான்.

1927 தொடக்கத்தில் மன்றம் அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மேடைகளில் இதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது, அவருக்கு எதெல்லாம் இல்லை என்பது. அவருக்குக் கட்சி இல்லை, தொகுதி இல்லை, பின்னால் கைதட்டும் உறுப்பினர் கூட்டம் இல்லை. இரட்டையாட்சி முறையில் போலீசும் வருவாயும் ஆளுநர் கையில் இருந்தன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டுமே அமைச்சர்களிடம் இருந்தன. அந்த அமைச்சரவையிலும் அவர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 பேர் உட்கார்ந்திருந்த மன்றத்தில் நியமனத்தில் வந்த ஒற்றைப் பெண்ணுக்குக் கையில் இருந்தவை ஓர் உறுப்பினருக்கு விதிகள் கொடுக்கும் கருவிகள் மட்டும்தான். கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், மசோதா கொண்டுவரலாம்.

இன்றைக்கும் ஓர் எம்.எல்.ஏ. கையில் இருப்பவை இவைதான். இந்த மூன்றையும் அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

1927 நவம்பரில் முத்துலட்சுமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது. மன்றத்தின் விருப்பத்தை அது அரசுக்குச் சொல்லும், அவ்வளவுதான். சமய விஷயத்தில் கைவைக்க பிரிட்டிஷ் அரசுக்குத் துணிவும் கிடையாது, விருப்பமும் கிடையாது. சிறுமிகளை விபச்சாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளில் ஏற்கெனவே குற்றங்கள்தானே என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழியும் இருந்தது. சன்னிதியில் பொட்டுக்கட்டிக்கொண்டதை விற்பனை என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வழி பாதுகாப்பான வழி.

பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது, பத்திரிகையில் பெயர் வந்துவிட்டது, மாலை போட்டாகிவிட்டது. முத்துலட்சுமி அடுத்து என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் திறமை எது என்று கேட்டால் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

பொட்டுக்கட்டும் வழக்கம் பக்தியினால் மட்டும் நிற்கவில்லை. அதன் அடியில் நிலம் இருந்தது. கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஆடலும் பாடலும் தீபாராதனைப் பணியும் நடக்கும்வரை அந்த நிலம், அல்லது அந்த நிலத்தின் வரி வருமானம், குடும்பத்துக்கு வரும். பணி செய்யப் பெண் இல்லையென்றால் மானியம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டில் ஒரு பெண் குழந்தைக்காவது பொட்டுக்கட்டியாக வேண்டும். சொந்த மகள் இல்லையென்றால் ஒரு பெண்ணைச் சுவீகாரம் எடுத்தாவது கட்டியாக வேண்டும். என் மகளுக்குப் பொட்டுக்கட்ட மாட்டேன், அவளுக்குக் கல்யாணம் செய்துவைப்பேன் என்று ஒரு தாய் சொன்னால், சோறு போடும் நிலத்தை அவள் விடவேண்டும். வழக்கத்தைக் காத்து நின்றது இந்த நிபந்தனை.

தடைச்சட்டம் கேட்டால் சமயத்தில் தலையிடுகிறாய் என்பார்கள். நிலத்தைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. கோயில் நிலங்களை ஒழுங்குபடுத்த நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம் அப்போது புதிதாக நடைமுறைக்கு வந்திருந்தது. முத்துலட்சுமி அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொண்டார். புதுச்சட்டம் கேட்காமல், இருக்கும் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவிக்க வேண்டும், பணி செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே இருக்க வேண்டும் என்பது திருத்தம். அரசுத் தரப்பு மசோதா அல்ல. தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா. அது நிறைவேறி 1929ஆம் ஆண்டின் 5ஆவது சட்டமானது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். யாரையும் அது சிறைக்கு அனுப்பவில்லை. எந்தக் கோயிலிலும் எந்தச் சடங்கையும் நிறுத்தச் சொல்லவில்லை. மகளுக்குப் பொட்டுக்கட்ட மறுக்கும் தாய்க்கு இருந்த தண்டனையை மட்டும் எடுத்துவிட்டது. அந்தப் பெண்களை நிலமில்லாதவர்களாக ஆக்காமலே அந்த வழக்கத்தின் வேரை அறுத்தது. சட்டம் எழுதுவது என்றால் இதுதான். எங்கே முடிச்சு இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் கைவைக்கும் அறிவு அது. எவ்வளவு உரக்கப் பேசினாலும் அது வந்துவிடாது. அந்தச் சட்டத்தையும், மானியக் கணக்கையும், நிலவருவாய் முறையையும் அவர் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அவர் மருத்துவர், வக்கீல் இல்லை. இருந்தும் படித்தார்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சத்தியமூர்த்தியும் புதுக்கோட்டைச் சீமைக்காரர். திருமயத்தில் 1887இல் பிறந்தவர். மன்றத்தில் அவரைப் போலப் பேச ஆள் கிடையாது. காங்கிரஸ்காரர், அந்நிய ஆட்சியைக் கேள்விகளால் திணறடித்தவர், காமராஜரை வளர்த்தெடுத்தவர். கோயில் மரபும் கலையும் அழிந்துவிடும் என்ற பக்கத்தில் அவர் நின்றார். இந்த விஷயத்தில் அவர் தவறான பக்கத்தில் இருந்தார் என்பதே என் கருத்து. அவருக்கும் முத்துலட்சுமிக்கும் இடையே நடந்ததாகச் சுவையான வசனங்களை இன்று மேடைகளில் கேட்கிறோம். அவற்றை நான் சொல்லமாட்டேன். நடந்ததே போதுமான கனம் உடையது.

எதிர்ப்பு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிகளே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் மூலமாக அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்களை விபச்சாரிகள் என்று முத்திரை குத்தாதீர்கள், எங்கள் தொழில் கலையும் வழிபாடும் என்பது அவர்கள் வாதம். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைக் கொண்டு சமாதிக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். அவர் குரலை ஏதோ பழைமைவாதியின் குரல் என்று தள்ள முடியாது. மறுபக்கம் அதே சமூகத்து ஆண்களின் சங்கங்கள் முத்துலட்சுமியை ஆதரித்தன. அந்த மரபில் சொத்து பெண்வழியில் போயிற்று, ஆகவே ஆண்களுக்கு இதில் வேறு நலனும் இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே மரபில் வாழ்ந்து அதை உள்ளிருந்தே வெறுத்த இராமாமிர்தம் அம்மையாரோ யாருடைய நலனையும் பார்க்கவில்லை. தாசிகள் மோசவலை என்று 1936இல் ஒரு நாவலே எழுதி அச்சிட்டார்.

சட்டம் யார் தலையில் இறங்குகிறதோ அவர்களோடு உட்கார்ந்து பேசுவது சட்டமன்ற உறுப்பினரின் கடமை. முத்துலட்சுமியை மனதார மதிக்கும் நான், இந்த இடத்தில் அவரிடம் குறை இருந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய எழுத்தில் அந்தப் பெண்கள் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவே வருகிறார்கள். கருத்துச் சொல்லத் தகுதியுள்ளவர்களாக வருவது குறைவு. அதன் விளைவு பிறகு தெரிந்தது. 1930களில் அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடை ஏறியது. பிற குடும்பத்துப் பெண்கள் அதைக் கற்றுக் கொண்டாடப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த குடும்பங்களில் பலவற்றுக்கு மேடையும் இல்லை, மதிப்பும் இல்லை. சட்டம் சரியானதுதான். சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களின் பிழைப்புக்கு என்ன வழி என்ற பாதி வேலை அவையில் நடக்கவே இல்லை.

நிலத்தை விடுவித்த பிறகு 1930இல் அவர் முழுத் தடைச்சட்டத்துக்கான மசோதாவையும் கொண்டுவந்தார். மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விட்டார்கள். அந்த ஆண்டு உப்புச் சத்தியாகிரகம். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி மன்றத்திலிருந்து விலகினார். அரசு நியமித்த உறுப்பினர் அரசை எதிர்த்து விலகுகிறார். உள்ளே இருந்திருந்தால் மசோதா ஒருவேளை பிழைத்திருக்கும். அதற்காகக் கைதைக் கண்டும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. மசோதா காலாவதியானது. நாடு விடுதலை அடைந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947 அக்டோபரில்தான் சென்னை மாகாணத்தில் அந்தத் தடைச்சட்டம் வந்தது. முதல் தீர்மானத்திலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகள்.

மன்றத்தில் அவர் செய்த மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வசதி, பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண் கல்வி, குழந்தை மணத் தடை என்று ஒன்று விடாமல் பேசினார். நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். விலகிய கையோடு, தாசிகளின் மரபிலிருந்து வெளியேறி வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மன்ற அனுபவத்தை 1930லேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதிவைத்தார். பதவி முடிந்ததும் நான் என்ன செய்தேன் என்று மக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்த உறுப்பினர்கள் நம் நாட்டில் அதிகம் பேர் இல்லை.

சத்தியமூர்த்தியையும் அந்த ஒரு வாதத்தோடு விட்டுவிட்டுப் போக முடியாது. 1939இல் அவர் சென்னை மாநகராட்சியின் மேயரானார். நகரம் தண்ணீருக்குத் தவித்தது. அதுவரை கொசஸ்தலை நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிச் சோழவரத்துக்கும் புழலுக்கும் கொண்டுவந்தார்கள். வெள்ளக் காலத்து மிச்ச நீர் கடலுக்குப் போயிற்று. மேலே பூண்டியில் தேக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு உலகப்போர் தொடங்கிய நேரத்தில் அரசின் ஒப்புதலை வாங்கியது அவருடைய விடாப்பிடி. நீர்த்தேக்கம் 1944இல் திறக்கப்பட்டது. அவர் 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். ஒரு விஷயத்தில் தவறிய மனிதர் இன்னொன்றில் ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். முத்துலட்சுமி, சத்தியமூர்த்தி இருவரையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன்.

உங்கள் எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? நிழற்குடை கட்டினார், ஹைமாஸ் விளக்கு போட்டார், ரேஷன் கடைக்குக் கட்டடம் கொடுத்தார், காதுகுத்துக்கு வந்தார், சாவுக்கு மாலையோடு வந்தார். இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. முதியோர் பணம் நின்றுபோன பாட்டிக்கு எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போகும் ஒரு போன் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை வந்தாக வேண்டியது அலுவலகத்தின் கடமை. விளக்குப் போட வேண்டியது ஊராட்சியின் வேலை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். மாநிலத்தின் மொத்தச் செலவுக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகை. அந்த மூன்று கோடியில் அவர் கட்டியதற்குக் கல்வெட்டு வைக்கிறோம். மீதி லட்சக்கணக்கான கோடிகளுக்கு ஒப்புதல் கேட்டு மானியக் கோரிக்கை வரும்போது அவர் எழுந்து என்ன கேட்டார் என்று நாம் கேட்பதே இல்லை. வேறு யாரும் செய்ய முடியாத, 234 பேர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் நிற்பவருக்கு 12 மணி நேரம் என்றால் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. கூட்டணிக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன், 2021இல், கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இதே பேரவை சட்டத்தைத் திருத்தியது. ரெட்ஹில்ஸ் துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு ஒரு ஸ்டூலின் மீது உரிமை வந்தது அப்படித்தான். உங்கள் உடம்பின் நேரத்தை முடிவு செய்யும் வரிகள் கோட்டையில் எழுதப்படுகின்றன. அந்த வரிகள் வாசிக்கப்படும்போது நம் உறுப்பினர் அவையில் இருந்தாரா, பேசினாரா?

கட்சி சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும், கொறடா உத்தரவு இருக்கிறது, மீறினால் பதவி போகும் என்று சொல்வார்கள். உண்மைதான். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு வாக்கெடுப்பில் முத்துலட்சுமிக்கு இருந்த சுதந்திரம் இன்றைய உறுப்பினருக்கு இல்லை. ஆனால் கேள்வி கேட்பதற்குக் கொறடா உத்தரவு தேவையில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம், கேட்கிறார்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதற்குமேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். பரிசீலிக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும் என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால், சொன்னபடி நடந்ததா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. அரசு செலவழித்த பணத்தைத் தணிக்கை அறிக்கையோடு ஒப்பிட்டுக் கேட்கப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. மக்களே நேரடியாக எழுத மனுக்கள் குழு இருக்கிறது. முத்துலட்சுமிக்குக் கிடைத்ததைவிட இன்றைய உறுப்பினருக்குக் கருவிகள் அதிகம்.

நம் பகுதியிலிருந்து கேட்க என்ன இருக்கிறது? சோழவரம் ஏரியின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. அதில் இன்று எவ்வளவு வண்டல்? கடைசியாக எப்போது அளந்தார்கள்? கரையோர ஊர்களின் நிலத்தடி நீரை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்? ஏரி சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிறது. ஏரிக்கரை ஊர்களுக்கான குடிநீர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது? சிப்காட்டில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? தொழிற்சாலை ஆய்வாளர் பணியிடங்களில் எத்தனை காலி? எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நிறுத்துமிடம் எங்கே, இரவில் ஜி.என்.டி. சாலை ஓரத்தில் அவை நிற்காமல் இருக்க யார் பொறுப்பு?

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எண்ணாகவோ தேதியாகவோ பதில் சொல்ல முடியும். அமைச்சர் அப்படிப் பதில் சொன்ன பிறகு அடுத்த ஆண்டு அதே எண்ணைக் காட்டி மீண்டும் கேட்க முடியும். வெறும் முழக்கத்தில் அது முடியாது. நில மானியத்தின் நிபந்தனையை முத்துலட்சுமி கண்டுபிடித்தது போல, ஒவ்வொரு குறையின் பின்னாலும் எந்தச் சட்டத்தின் எந்த விதி இருக்கிறது, எந்த அதிகாரியின் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தேடிப்போகும் உறுப்பினர் நமக்கு வேண்டும். அப்படிப்பட்டவர் தானாக வரமாட்டார். மாதர் சங்கம் பெயரைச் சொல்லி, ஆதரவு திரட்டிக் கொடுத்ததால்தான் முத்துலட்சுமிக்கே மன்றத்தில் பலம் கிடைத்தது. அவர் தனி ஆள்தான், தனியாக விடப்படவில்லை.

ஆகவே இந்தக் கூட்டத்திடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். பட்ஜெட் கூட்டத்தொடரில் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் தமிழிலேயே வெளியிடும்; அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீர்வளத் துறை, தொழிலாளர் துறை இரண்டின் புத்தகங்களையும் பிள்ளைகளைக் கொண்டு இறக்கி, இங்கே உட்கார்ந்து படியுங்கள். நம் ஏரி அதில் எந்தப் பக்கத்தில் வருகிறது, வருகிறதா என்று பாருங்கள். படித்த பிறகு துறைக்கு இரண்டு கேள்விகள் எழுதுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரை நேரில் பார்த்துக் கையில் கொடுங்கள். சால்வை வேண்டாம். பொன்னாடைக்குப் பதில் அந்தத் தாளைக் கொடுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மரியாதையோடு கேளுங்கள். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அந்தத் துறைகளின் கேள்விகள் வரும் நாளில் பாருங்கள். அவர் எழுந்தாரா, கேட்டாரா, அமைச்சர் என்ன எண் சொன்னார் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளி மாணவிகள் அந்த நோட்டை வைத்துக்கொள்ளலாம்.